இருபத்தாறு மில்லிமீற்றர்

அளவுகோலைப் பற்களுக்கு நடுவே நிறுத்தி
மாரிசெல் படித்துச் சொன்னாள்: இருபத்தாறு.
மூன்று விரல் நிமிர்ந்து நுழையவேண்டிய வாசலில்
இரண்டு விரலுக்கே நெருக்கடி.

வெளியே விண்ணிபெக். மைனஸ் முப்பத்தொன்று.
பஸ் தரிப்பிடத்தில் எல்லோரும்
வாயை மூடிக்கொண்டுதான் நிற்கிறார்கள்.
அதனால் என்னை ஒருவருக்கும் தெரியவில்லை.

"என்ன வேலை?"
கதைக்கிற வேலை.
"யாரோடு?"
திரையோடு.

நிலவறை வீடு. சலவை இயந்திரத்தின் பக்கத்தில் மேசை.
மடிக்கணினி தாழ்வு, அதன் சத்தம் அதைவிடத் தாழ்வு.
ரொறன்ரோவில் தீர்ப்புச் சொல்கிற உறுப்பினர்,
மொன்றியலில் வழக்கறிஞர்,
எங்கோ ஒரு மோட்டல் அறையில்
அழக்கூடாது என்று முடிவெடுத்து வந்து
உட்கார்ந்திருக்கும் ஒருவர்.
அவர் குரல் இறங்க இறங்க
என் கழுத்து நீளும்.
காதால் கேட்பதாக நினைத்துக்கொண்டு
ஆறு வருஷமாக
நாடியால் கேட்டிருக்கிறேன்.

பிளாஸ்டிக் மண்டையோடு ஒன்றைத் தூக்கிவந்து காட்டினாள்.
தலை முன்னே போனால் கீழ்த்தாடை பின்னுக்கு இழுபடுமாம்.
காதுக்கு முன்னால் ஒரு மூட்டு,
மூட்டுக்குள் ஒரு சின்ன மெத்தை.
அது இடம் விலகித் திரும்ப வந்து குந்தும்போது
க்ளிக்.
யாரோ பேனா மூடியைக் கழற்றுவது போல.

அந்தச் சத்தம் எனக்குப் பழக்கம்.
கொத்து ரொட்டியில் கேட்டேன், கொட்டாவியில் கேட்டேன்.
நவம்பரில், விசாரணையின் நடுவே,
எல்லோரும் கேட்டார்கள்.

அன்று அவர் சொல்லச் சொல்ல
நான் சொல்லிக்கொண்டிருந்தேன்:
என்னை இரண்டு நாள் வைத்திருந்தார்கள்.
என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை.
நான் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன்.

இந்தக் கடைசி வரியில் நின்றுவிட்டேன்.
ஆங்கிலத்திலும் பல்லைக் கடிப்பார்கள்தான்,
ஆனால் அது ஓட்டப்பந்தயக்காரன் கடிக்கிற பல்.
இவருடையது,
உள்ளே கிடப்பது வெளியே வந்துவிடாமல் கடித்தது.
சொல் தேடி வாயைத் திறந்தேன்.
க்ளிக்.
மைக்கில் துப்புரவாக விழுந்தது.

"என்ன சத்தம் அது?
யாராவது ஒலிப்பதிவு செய்கிறீர்களா?"

மற்றவர் சொன்னதையெல்லாம் 'நான்' என்று சொல்லவேண்டும்.
எனக்கென்று ஏதும் சொல்ல நேர்ந்தால்
'நான்' என்று சொல்லக்கூடாது.
விதி அது. ஆகவே,
"மொழிபெயர்ப்பாளரின் தாடை, ஐயா" என்றேன்.
பிறகு அதையே தமிழிலும் சொன்னேன்,
அவருக்கும் தெரியவேண்டுமே.

திரையின் மூலைப் பெட்டிக்குள்
அவர் தன் கன்னத்தைத் தொட்டுப் பார்த்தார்.
அதை நான் மொழிபெயர்க்கவில்லை.

இப்போது மடிக்கணினி
பிரெஷர் குக்கர் வந்த அட்டைப்பெட்டியின் மேல்.
கதிரையில் முதுகு படுகிறது.
இருபது நிமிஷத்துக்கு ஒருமுறை
சுவரில் தலையை ஒட்டி நிற்கிறேன்,
உயரம் அளக்கப்படும் பிள்ளை மாதிரி.

"உதடு சேரலாம், பல் சேரக்கூடாது.
நாக்கு? ன் என்று சொல்லிப் பார்,
எங்கே போய் நிற்கிறதோ அங்கேயே விட்டுவிடு."

எந்த ன் என்று கேட்க வாயெடுத்தேன்.
எங்களிடம் மூன்று இருக்கிறது, மாரிசெல்.
ஒன்று பல்லில் தட்டும்,
ஒன்று அண்ணாக்கில் மடங்கும்,
ஒன்று பல்லுக்குப் பின்னால், மேட்டில்,
சும்மா சாய்ந்துகொள்ளும்.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் பஸ்ஸில் தேடினேன்.
போர்ட்டேஜ் அவெனியூவில் கிடைத்தது.
ஆறு வருஷம் ஊராருக்காகச் சொன்ன
ஒரு சொல்லின் கடைசி எழுத்து அது.

ஒன்பதே கால்.
சலவை இயந்திரம் சுற்றி ஓய்கிறது.
உறுப்பினர் இன்னும் திரையில் வரவில்லை.
உதடு மூடி, பல் விட்டு,
நான் என்பதன் ஒற்றில்
நாக்கை வைத்துக்கொண்டு
இருக்கிறேன்.